ட்ரூ-கூல் 40கே: அரிசோனா வெயிலில் டிரெய்லர் இழுக்க இந்தக் கூலர் போதுமா?

அரை டன் பிக்கப்பில் ஆறாயிரம் பவுண்டு கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலை வழியாக ஃபிளாக்ஸ்டாஃப் ஏறுகிறவர்கள், டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் குளிர்விக்கக் கூடுதல் கூலர் தேடினால், சீக்கிரமே காதில் விழும் பெயர் ட்ரூ-கூல் 40கே. லாங் நிறுவனத்தின் தயாரிப்பு. அந்த நிறுவனம் இப்போது டானா குழுமத்தில் இருக்கிறது. பார்ட் நம்பர் 4739. அழுத்த இழப்பு குறைவான வடிவம் எல்பிடி என்ற முன்னெழுத்துகளோடு வரும். வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல பொருள், சரியான இடத்தில் சரியான வரிசையில் பொருத்தினால் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். ஆனால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் பாகம்) லாக் ஆகாமல், அதாவது இரண்டையும் நேரடியாகப் பூட்டாமல், மலையேறும் வண்டியை இது மட்டும் காப்பாற்றாது. இதை வாங்கியும் "சூடு குறையவே இல்லை" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சுமார் 24 அங்குல நீளம், 11 அங்குல உயரம், ஒன்றரை அங்குலத் தடிமன். அலுமினியத் தட்டுகளை அடுக்கி, இடையிடையே துடுப்புகள் வைத்துப் பற்றவைத்த அடுக்குத் தட்டு வகை. ஆயில் பல தட்டுகளுக்குள் ஒரே நேரத்தில் பிரிந்து ஓடுவதால் எதிர்ப்பு குறைவு. மலிவாகக் கிடைக்கும் குழாய்-துடுப்பு கூலரில் ஒரே குழாய் மடிந்து மடிந்து போகும். பாதை நீளம், எதிர்ப்பும் அதிகம். கூலரிலிருந்து திரும்பி வரும் ஆயில்தான் கியர் தொகுதிகளுக்கும் புஷ்ஷிங்குகளுக்கும் மசகாகப் போகிறது என்பதால் இது சின்ன விஷயமில்லை. ஓட்டம் குறைந்தால் ஆயில் குளிர்ந்தே வந்தாலும் உள்ளே தேய்மானம் கூடும். ஃபிளாக்ஸ்டாஃபின் ஜனவரிக் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது எல்பிடி வடிவத்தின் உள்வழி பைபாஸ் உதவுகிறது: கெட்டி ஆயில் தட்டுகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும், சூடேறி இளகியதும் தட்டுகளுக்குள் இறங்கும்.

பெயரிலுள்ள 40கே, 40,000 பவுண்டு மொத்த எடையைக் குறிக்கிறது. அது கூலரின் அளவைச் சொல்லும் எண், அவ்வளவே. உங்கள் வண்டியின் இழுதிறன் இதைப் பொருத்தியதால் ஒரு பவுண்டுகூட ஏறாது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஹிட்ச்சில் பொறித்த எண்ணும்தான் வரம்பு.

ஏன் இவ்வளவு பெரிய கூலர் என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 12,000 பவுண்டு. ஐந்து சதவீத ஏற்றம், மணிக்கு 50 மைல். புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 60 கிலோவாட் வேண்டும். கேம்பரின் தட்டை முகத்தில் மோதும் காற்றையும் டயர் உருளும் எதிர்ப்பையும் சேர்த்தால் 90ஐத் தாண்டும். கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் பத்து சதவீதம் வழுக்கினால், அதில் ஒன்பது கிலோவாட் வெறும் சூடாக ஆயிலுக்குள் இறங்குகிறது. இப்போது கடையில் ஏதாவது ஒரு கூலரின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மணிக்கு 20,000 பிடியூ (வெப்ப அலகு) என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது 5.9 கிலோவாட்தான். லாக் ஆன கன்வெர்ட்டரில் அந்த வழுக்கல் வெப்பம் ஏறக்குறைய மறைந்துவிடும். பம்ப், கியர், பேரிங் உராய்வு மட்டும் மிஞ்சும். அந்த மிச்சத்தை 40கே சுலபமாகச் சமாளிக்கும். லாக் விட்டுப்போன நிலையில் பத்து நிமிடம் ஏறினால் எந்தக் கூலரும் திணறும்.

வெயில் இதற்கு மேல் என்ன செய்கிறது? கூலர் வெளியேற்றும் வெப்பம், ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. காற்று 70 டிகிரி ஃபாரன்ஹீட், ஆயில் 200 என்றால் வித்தியாசம் 130. ஜூலை ஃபீனிக்ஸில் காற்று 110 என்றால் வித்தியாசம் 90 மட்டுமே. அதே கூலர், அதே வேகம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விட்டது. அதே அளவு வெப்பத்தை வெளியேற்ற ஆயில் 240 வரை ஏறியாக வேண்டும். போதாததற்கு ஃபீனிக்ஸ் 1,100 அடியில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடியில். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து, உறிஞ்சும் திறனும் குறையும். நல்லவேளையாக அங்கே காற்று குளிர்ந்தும் விடுகிறது. ஆபத்து முழுக்க பிளாக் கேன்யன் சிட்டியிலிருந்து சன்செட் பாயின்ட் ஏறும் பகுதியில்தான்: காற்றும் சூடு, ஏற்றமும் செங்குத்து.

ஆயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்குப் பல அட்டவணைகள் சுற்றுகின்றன. 175ல் ஒரு லட்சம் மைல், அதற்குமேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதி என்பது அவற்றில் பழையது. அது பழைய கனிம ஆயில் காலத்துக் கணக்கு. டெக்ஸ்ரான் 6, மெர்கான் எல்வி, டொயோட்டா டபிள்யூஎஸ் போன்ற இன்றைய ஆயில்கள் இன்னும் நன்றாகத் தாங்கும். டிரெய்லரோடு போகும்போது 200ஐ ஒட்டி (93 செல்சியஸ்) நின்றால் கவலையே வேண்டாம். 220 வரை நீண்ட ஏற்றங்களில் சகஜம். 230ஐத் தாண்டினால் ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். 250ல் (121 செல்சியஸ்) வண்டியை ஓரங்கட்ட வேண்டும். வண்டியின் எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் இதற்கும் மேலேதான் எரியும். அதை நம்பிக் காத்திருப்பது வீண்.

ஆகவே கூலருக்கு முன்பே ஒரு மானி வேண்டும். டாஷ்போர்டில் டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் காட்டும் வண்டி என்றால் பிரச்சினையில்லை. இல்லையென்றால் ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் துளை) சொருகும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் டார்க் ப்ரோ போன்ற செயலியும் போதும். நிலையாக மாட்டி வைக்க விரும்பினால் ஸ்கேன்கேஜ். ஒன்றைக் கவனியுங்கள்: தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அந்த வெப்பநிலையைக் கணினியிடம் கேட்கும் பிஐடி குறியீடு மாறும். தவறான குறியீட்டைப் போட்டால் எண் வரும், ஆனால் பொய்யாக வரும். காலையில் குளிர்ந்த வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பநிலையைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அதோடு கன்வெர்ட்டர் ஸ்லிப் ஆர்பிஎம்மையும் (வழுக்கும் சுற்றுகள்) திரையில் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் லாக். சில வண்டிகள் அதிர்வைக் குறைக்க வேண்டுமென்றே இருபது முப்பது சுற்று வழுக்கவிடும், அது பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் காட்டினால் சூடு ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பானில் (டிரான்ஸ்மிஷனின் அடியிலுள்ள ஆயில் தட்டு) இருக்கும் சென்சார் சற்றுத் தாமதமாகத்தான் விழிக்கும். கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் அதைவிட ஏற்கெனவே பல டிகிரி சூடாக இருக்கும்.

இனி பொருத்துவது. கன்வெர்ட்டரிலிருந்து வரும் சூடான ஆயில் முதலில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கூலருக்குப் போக வேண்டும், அதன் பிறகு 40கே, அதன் பிறகு டிரான்ஸ்மிஷனுக்குத் திரும்ப வேண்டும். மாற்றி வைத்தால் 40கே குளிர்த்திய ஆயிலை 210 டிகிரி கூலன்ட் மறுபடி சூடாக்கி அனுப்பும். ரேடியேட்டரை முழுதாகத் தவிர்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அரிசோனாவில் அது சரியான யோசனையில்லை. ஆயில் 250ல் வெளியே வரும்போது 210ல் இருக்கும் கூலன்ட், காற்றைவிட வேகமாக அந்தச் சூட்டை உறிஞ்சும்; டிராஃபிக்கில் நிற்கும்போது காற்றோட்டமே இல்லாமலும் அந்தத் தொட்டி வேலை செய்யும். விதிவிலக்கு ஒன்று உண்டு. 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃப்ரான்டியர், எக்ஸ்டெர்ரா, பாத்ஃபைண்டர் வண்டிகளில் தொட்டிக்குள் இருக்கும் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் ஆயிலும் கலந்து டிரான்ஸ்மிஷன் பாழான கதை ஊரறிந்தது. கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும். அந்த வண்டி வைத்திருந்தால் முதலில் ரேடியேட்டரை மாற்றுங்கள், கூலரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2014க்குப் பிந்தைய சில்வராடோ, சியரா 1500 வண்டிகளில் லைனிலேயே ஒரு வெப்ப பைபாஸ் வால்வு உண்டு. ஆயில் குறிப்பிட்ட சூடு ஏறும் வரை கூலருக்கு வழி விடாது. இதைத் தெரியாமல் 40கே பொருத்தியவர், காலி வண்டியில் முன்பு காட்டிய அதே எண்ணையே மானி காட்டுவதைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோனதாக நினைப்பார். சாதாரண ஓட்டத்தில் மாற்றம் தெரியாது. உச்ச எண் குறைவதுதான் பலன். சிலர் அந்த வால்வை நீக்குகிறார்கள். வெயில் ஊரில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது பாதகமில்லை. குளிர்காலத்தில் பனிப் பகுதிக்கும் போகும் வண்டிக்கு வால்வு இருக்கட்டும்.

எந்த லைன் போவது, எது திரும்புவது என்று ஊகிக்காதீர்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு கியருக்கு மாற்றி ஓரிரு நிமிடம் விட்டால் முதலில் வெதுவெதுப்பாகும் லைன் போகும் வழி. மற்றதில்தான் கூலரைச் சேர்க்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கு முன்னால் சுமார் அரை அங்குல இடைவெளி விட்டு, போர்ட்டுகள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கும்படி மாட்டுங்கள். கீழ்நோக்கி வைத்தால் காற்று உள்ளே சிக்கும். மலிவான கிட்டுகளில் துடுப்புகளை ஊடுருவிக் கட்டும் பிளாஸ்டிக் கம்பிகள் வரும். அவை ஆடி ஆடிக் கண்டென்சரைத் தேய்த்து ஓட்டை போடும், ஏசி வாயு போன பிறகுதான் காரணம் தெரியும். இரும்புப் பட்டையில் பிராக்கெட் வளைத்து, ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுவதுதான் முறை. 40கே கனமாகவும் நீளமாகவும் இருப்பதால் இந்த இடத்தில் சோம்பல் கூடாது.

ஹோஸ் விஷயத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது. எஸ்ஏஇ ஜே1532 என்ற தரக் குறியீடு அச்சிட்ட டிரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸ் மட்டும். கடையில் பக்கத்தில் தொங்கும் பெட்ரோல் ஹோஸ் பார்க்க ஒன்றுபோல இருக்கும், சூட்டில் ஓரிரு கோடையில் கல்லாகி வெடிக்கும். அறுத்த ஸ்டீல் குழாயின் வழவழப்பான முனையில் ஹோஸைச் சொருகிக் கிளாம்ப் போட்டால் அழுத்தத்தில் கழன்று வரும். முனையில் விளிம்பு எழுப்புங்கள், இல்லையென்றால் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போடுங்கள். உங்கள் வண்டியின் லைனுக்கு ஏற்ற அடாப்டர் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பி எதையும் வெட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். திரும்பும் லைனில் மேக்னஃபைன் போன்ற காந்த வடிகட்டி ஒன்றைச் சேர்ப்பது நல்ல துணைச் செலவு.

புதுக் கூலருக்கும் ஹோஸுக்கும் கூடுதல் ஆயில் வேண்டும். 3/8 அங்குல ஹோஸ், ஒரு மீட்டருக்கு 70 மில்லிலிட்டர் பிடிக்கும். கூலரோடு சேர்த்து ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். மட்டம் பார்க்கும் வெப்பநிலை வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும். ஃபோர்ட் 6ஆர்80ல் 200 டிகிரிக்கு மேலே சூடாக்கிப் பார்க்க வேண்டும். டொயோட்டா டபிள்யூஎஸ் வண்டிகளில் 40 செல்சியஸை ஒட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றொன்றுக்குப் போட்டால் மட்டம் தவறும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அதிகமானால் ஆயில் நுரைக்கும். இரண்டிலுமே சூடு ஏறும்.

மலையடிவாரத்துக்கு வந்தாயிற்று. டோ/ஹால் (டிரெய்லர் இழுக்கும் முறை) பொத்தானை ஏற்றம் தொடங்கும் முன்பே போடுங்கள்; அது கியர் மாறும் புள்ளிகளைத் தள்ளிவைத்து, லாக்-அப்பைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வண்டியே கியரை மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் லாக் விடுபடும். அந்த நேரத்தில் கையால் ஒரு கியர் கீழே இறக்கி, 3,000 முதல் 3,500 சுற்றில் பிடித்துக்கொண்டு 50 மைலில் நிதானமாக ஏறுவதே மேல். எஞ்சின் சத்தம் போடுகிறதே என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேல் கியரில் இழுப்பவர்கள்தான் ஆயிலை வேகவைக்கிறார்கள். அதிக சுற்று ஓடினால் வாட்டர் பம்பும் ஆயில் பம்பும் வேகமாகச் சுற்றும், குளிர்ச்சிக்கு அதுவும் உதவி.

சூடு ஏறும் மற்றொரு இடத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை: கேம்ப் மைதானம். மேடான இடத்தில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாது, வேகம் இல்லாததால் கூலருக்குக் காற்றும் கிடையாது. நாலைந்து முறை முன்னும் பின்னும் போனாலே மானி சடசடவென ஏறும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில், தரை மண்ணோ கல்லோ என்றால், லோ ரேஞ்சில் ரிவர்ஸ் எடுங்கள். சுமை பாதியாகிவிடும். 40கே இந்த இடத்தில் கையாலாகாதது. ஃபேன் வைத்த, 180 டிகிரியில் தானாக ஓடும் கூலர்கள்தான் இங்கே உதவும். அடிக்கடி மெதுவாக ஓட்ட வேண்டியிருப்பவர் அவற்றைப் பார்க்கலாம்.

250ஐத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள், ஆனால் எஞ்சினை அணைக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்து, 1,200 முதல் 1,500 சுற்றில் சில நிமிடம் ஓடவிட்டால் ஆயில் ஓடிக் குளிரும். பார்க் வேண்டாமா என்று கேட்கலாம். பழைய டாட்ஜ் டிரான்ஸ்மிஷன்கள் சிலவற்றில் பார்க்கில் கன்வெர்ட்டருக்கு ஆயில் ஓட்டமே இருக்காது, அதனால் நியூட்ரல்தான் எல்லோருக்கும் பொருந்தும். சரிவில் நின்றால் சக்கரத்துக்கு கல்லோ கட்டையோ வைத்துவிட்டுத்தான். காய்ந்த புல்மேல் நிறுத்தக் கூடாது; சூடான எக்ஸாஸ்ட்டிலிருந்து தீப்பிடிக்கும். டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தரையில் உரசிக்கொண்டு வருகிறதா என்றும் அப்படியே குனிந்து பாருங்கள், அரிசோனாவில் காட்டுத்தீக்கு அதுவும் ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. 40கே கண்டென்சரின் பெரும்பகுதியை மறைக்கிறது, எனவே அதன் வழியாகச் சூடான காற்றுதான் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் போகிறது. மெதுவாகப் போகும்போது ஏசி சற்று மந்தமாகும். மழைக்காலப் புழுதிக் காற்றுக்குப் பிறகு இரண்டுக்கும் இடையில் பூச்சியும் தூசியும் கட்டிக்கொள்ளும். உள்பக்கத்திலிருந்து சாதாரணத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிவிடும். கன்வெர்ட்டரோ கிளட்ச்சோ சிதைந்து உலோகத் துகள் உள்ளே போய்விட்டால் அடுக்குத் தட்டுக் கூலரைக் கழுவி மீட்க முடியாது. புது டிரான்ஸ்மிஷனோடு புதுக் கூலரும் வாங்கியாக வேண்டும். பழையதை வைத்தால் அதிலிருந்து உதிரும் துகள் புதியதையும் கெடுக்கும்.

உத்தரவாதம் போய்விடுமா என்ற பயம் பாதி சரி. 1975ன் மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க உத்தரவாதச் சட்டப்படி, வெளிக் கூலர் இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. அந்தக் கூலரின் ஹோஸ் கழன்று ஆயில் போய் டிரான்ஸ்மிஷன் கெட்டிருந்தால் மறுக்கலாம். ரசீதையும், பொருத்தியபின் எடுத்த படங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டாம்? தொழிற்சாலையிலேயே டோ பேக்கேஜோடு (டிரெய்லர் இழுக்கத் தேவையான பாகங்களின் தொகுப்பு) வந்த, எஸ்ஏஇ ஜே2807 முறைப்படி இழுதிறன் குறிப்பிட்ட வண்டிக்கு அவசரமில்லை. அந்த முறையில் புல்ஹெட் சிட்டிக்கு அருகே டேவிஸ் டாம் ஏற்றத்தில், மாநிலச் சாலை 68ல் 11.4 மைல், ஏறக்குறைய 3,000 அடி உயரத்துக்கு, 100 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு ஏற வேண்டும்; பின்னால் ஒற்றைச் சக்கரங்கள் கொண்ட பிக்கப் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதைத் தாண்டிய வண்டியில், வரம்புக்குள் எடை வைத்து, மானியில் 220க்கு மேல் பார்க்காதவர் அந்தக் காசை ஆயில் மாற்றத்தில் போடலாம். பானைக் கழற்றி ஒரு முறை மாற்றினால் பாதி ஆயில்கூடப் புதிதாகாது, மீதி கன்வெர்ட்டரிலேயே இருக்கும். சில நூறு மைல் ஓட்டி இன்னொரு முறை மாற்றுவது நல்லது. டோ பேக்கேஜ் இல்லாமல் வாங்கிய பழைய பிக்கப், உயரமான கேம்பர், கோடையில் மலைப் பயணம் என்று மூன்றும் சேர்ந்தவருக்கு 40கே தயங்காமல் சொல்லலாம். கிரில்லுக்குப் பின்னால் 24 அங்குலம் இடமிருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இல்லாதவர்கள் இதே அடுக்குத் தட்டு வகையில் சின்ன அளவு வாங்கலாம், குழாய்-துடுப்பு வகைக்கு இறங்க வேண்டாம்.